வள்ள நீலத்தில் ஒரு கிட்டார்ப் பெட்டி

நான் மூதூரில் படிப்பித்த காலத்தில், திங்கட்கிழமை விடிய எழும்பித் திருகோணமலை இறங்குதுறையில் லாஞ்ச் என்னும் மோட்டார்ப் படகில் ஏறுவேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அதே லாஞ்சில் வீட்டுக்குத் திரும்புவேன். இடைப்பட்ட நாட்களில் மூதூரில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. மூதூர் குடாவுக்கு அக்கரையில் இருந்தது; தரை வழியாகக் குடாவைச் சுற்றிப் போவதென்றால் பஸ்ஸிலும் ஆறு கடக்கும் மிதவைகளிலுமாகப் பகல் முழுவதும் போய்விடும். லாஞ்ச் என்றால், காற்று நல்லபடியாக இருந்தால், பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பே போய் இறங்கிவிடலாம்.

ஆனால் அந்த லாஞ்சில் ஆட்கள் மட்டும் போவதில்லை. அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்ப் பீப்பா, கோழிக் கூடை, காலைக் கட்டிப்போட்ட ஆடு, சைக்கிள், யாரோ ஒரு புதுப்பெண்ணின் அலுமாரி எல்லாம் போகும். இருக்க இடம் கிடைக்காதவர்கள் சாமான்களின் மேல் இருப்பார்கள். அது யாருடைய சாமான் என்று ஒருவரும் கேட்பதில்லை. மேற்பக்கம் தட்டையாக இருந்தால் அது கதிரைதான்.

இந்த நெரிசலுக்குள்தான் நான் என் கிட்டாரைக் கொண்டுபோக வெளிக்கிட்டேன்.

அது சின்னக் கிட்டார். எங்கள் பக்கத்து வீட்டுப் பறங்கிக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது, அந்த வீட்டு மகள் எனக்குத் தந்துவிட்டுப் போனது. அவள் என் பள்ளித் தோழி. சின்ன வயதில் வாங்கிக்கொடுத்த கிட்டார் வளர்ந்த பிறகு விரல்களுக்கு நெருக்கடியாக இருக்கிறது என்று எப்போதும் புறுபுறுப்பாள். என் விரல்கள் கட்டை. எனக்கென்றே செய்ததுபோல் அது பொருந்தியது. அதற்கென்று ஒரு பெட்டியும் இருந்ததுதான். அவர்கள் வீட்டுப் பரணில் கிடந்த அதை இறக்கப் போனபோது கைபிடி மட்டும் என் கையோடு வந்தது. மிச்சமெல்லாம் கறையான் தின்றது போக மண்.

பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. ஆர்மோனியம் ஒன்று இருந்தது. அதில் பாதிக் கட்டைகள் ஊமை. கிட்டாரைக் கொண்டுவரலாமா என்று அதிபரிடம் கேட்டேன். அவரும் திருகோணமலைக்காரர். என்னைப் போலவே கிழமைக்கு ஒருமுறை லாஞ்சில் வந்து போகிறவர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, மழையோ வெயிலோ கையில் ஒரு கறுப்புக் குடை. அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

“கிட்டார் எண்டால் பைலா ஆட்டப்பாட்டெல்லோ டீச்சர் ஞாபகம் வருது,” என்றார்.

“சின்னப் பிள்ளையளின்ர பாட்டும் வாசிக்கலாம் சேர்.”

“சரி, ஒருக்காக் கொண்டுவாங்கோ, பாப்பம். பள்ளிக்கூடம் கலியாண வீடு மாதிரி வந்திட்டுதெண்டால் நிப்பாட்டிப்போடுவன்.”

அந்த ‘ஒருக்கா’ எனக்குப் போதுமாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமையே கிட்டாரைப் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லாஞ்ச் ஏறினேன். வாடைக்காற்று தொடங்கியிருந்தது. குடாவின் நடுப்பகுதிக்கு வந்ததும் அலை பக்கவாட்டில் அடித்தது. எல்லோரும் ஒருமுறை குளித்தோம். ஈரத்திலிருந்து காப்பாற்றுவதற்காகக் கிட்டாரை எனக்குப் பின்னால் நகர்த்தினேன். அதுதான் பிழையாய்ப் போயிற்று. திரும்பிப் பார்த்தபோது அதன் மேல் ஒரு கருவாட்டுச் சாக்கும், சாக்கின் மேல் சாக்குக்காரரும் இருந்தார்கள். பாவம், நல்ல மனுசன். சொன்னவுடனே துள்ளி எழும்பினார்.

பள்ளிக்கூடத்தில் விரிப்பைப் பிரித்துப் பார்த்தோம். கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் கட்டை ஒரு பக்கம் கிளம்பி நின்றது. என்னோடு படிப்பித்த மூதூர்க்காரி ஒருத்தி எனக்கு நல்ல சிநேகிதி. பர்தாத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு கிட்டாரின் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“என்ன டீச்சர், கருவாடு எல்லாம் வாசிக்குமா இது?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கவலப்படாதீங்க. புள்ளயக் கொண்டுவாற ஆள் தொட்டிலயும் சேர்த்துத்தானே கொண்டுவரணும். முதல்ல ஒரு பெட்டியப் பாருங்க,” என்றாள்.

கட்டையை அண்ணா ஒட்டித் தந்தார். அண்ணா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தார். கப்பலில் ஏறும் சாமான், இறங்கும் சாமான் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து, பொதி கட்டுவதில் அவருக்குப் பெரிய அபிப்பிராயங்கள் உண்டு. வச்சிரப் பசை காயும்வரை கிட்டாரின் மேல் அம்மியை வைக்கலாமா, செங்கல்லை வைக்கலாமா என்று அம்மாவோடு வாதாடியவர், அது காய்ந்ததும், “இனி நீ இதைச் சீலையில சுத்திக்கொண்டு போக ஏலாது. பெட்டி ஒண்டு எடுப்பம்,” என்றார்.

எடுப்பம் என்பது சொல்லச் சுகம். அந்த நாட்களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைக்கு வருவதில்லை. பட்டணத்தில் ரேடியோவும் ஆர்மோனியமும் விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். முதலாளி ஒரு பழைய வெளிநாட்டு விலைப்பட்டியல் புத்தகத்தைத் தூசி தட்டி விரித்துக் காட்டினார். படத்தில் ஒரு கிட்டார்ப் பெட்டி: கறுப்பு வெளிப்பக்கம், உள்ளே சிவப்பு வெல்வெட், பித்தளைப் பூட்டு. நானும் அண்ணாவும் நெடுநேரம் பார்த்தோம்.

“இதில எது இருக்கு?” என்று அண்ணா கேட்டார்.

“ஒண்டும் இல்லைத் தம்பி. பாக்கிறதுக்குத்தான் வச்சிருக்கிறன்.”

அடுத்த மாதம் அலுவலக வேலையாகக் கொழும்புக்குப் போன அண்ணா, வெற்றி வீரரைப் போல் ஒரு பெரிய கறுப்புப் பெட்டியோடு வந்து இறங்கினார். பழைய சாமான் கடையில் பிடித்ததாம். அசல் கிட்டார்ப் பெட்டி, சந்தேகமில்லை. ஆனால் முழு அளவுக் கிட்டாருக்குரியது. என்னுடையதை உள்ளே வைத்து மூடி மெதுவாகச் சாய்த்தோம். தொம் என்று ஒரு பக்கம் போய் இடித்தது. மறுபக்கம் சாய்த்தோம். மறுபடியும் தொம்.

“வெறும் இடத்தை அடைச்சு விட்டால் சரி,” என்றார் அண்ணா.

தலையணைகள் வந்தன. அம்மாவின் பழைய சேலைகள் வந்தன. சத்தம் நின்றபோது பெட்டி ஒரு மூட்டை அரிசியின் பாரத்தில் இருந்தது. அண்ணா அதைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முடிவுவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். நடக்க நடக்க அது முழங்காலில் இடித்தது. வந்ததும் பெட்டியைத் தன் அறைக்குக் கொண்டுபோய்க் காற்சட்டைகளை அதற்குள் மடித்து வைக்கத் தொடங்கினார்.

அம்மா வேறு வழி பார்த்தார். பழைய பஞ்சுப் போர்வை ஒன்றைக் கிட்டாரின் அளவுக்கு வெட்டி, இரண்டு மடிப்பாகத் தைத்து, தோளில் மாட்ட வாரும் வைத்து ஒரு உறை செய்தார். அவ்வளவு வடிவு! தோளில் போட்டால் பாரமே தெரியாது. எனக்கு அதுதான் பிடித்துக்கொண்டது. இதோடு தேடல் முடிந்தது என்று கண்ணாடிக்கு முன்னால் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தைத்து முடித்த அம்மாவே குறுக்கே வந்தார்.

“பிள்ளை, உங்கட லாஞ்சில ஆக்கள் சாமானுக்கு மேல இருக்கிறவை எண்டெல்லோ சொன்னனீ?”

“ஓம்.”

“அப்ப நான் இதுக்கு மேல இருந்தால் என்ன நடக்கும்?”

அம்மா நல்ல பருமனான மனுசி. நானும் அண்ணாவும் அம்மாவைப் பார்த்தோம். உறையைப் பார்த்தோம். அம்மாதான் முதலில் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது: அம்மா மேலே இருந்தாலும் உடையாத பெட்டி வேண்டும். அதை நான் ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடிய வேண்டும்.

தகரப் பெட்டி செய்கிறவரிடமும் போய்ப் பார்த்தோம். வர்ணம் காய்வதற்காக வெயிலில் வைத்திருந்த ஒரு பெட்டியைத் திறந்து உள்ளே கை வைத்தேன். பாண் சுடும் போறணையின் சூடும் தோற்றுப்போகும். லாஞ்சின் மேல்தட்டில் ஒரு வெயில் நேரம் போதும், அண்ணா ஒட்டியது மட்டுமல்ல, கிட்டாரைச் செய்தவர் ஒட்டியதும் சேர்ந்து கழன்றுவிடும். தகரம் சரிவராது என்று அந்த இடத்திலேயே முடிவானது.

ஒருநாள் அண்ணா வேலை முடிந்து வரும்போது சைக்கிளின் பின்னால் உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கட்டிக்கொண்டு வந்தார். கப்பலில் ஏற்றும் தேயிலை அப்போது பலகைப் பெட்டிகளில்தான் வரும். ஒட்டுப்பலகை, கடதாசி மாதிரி மெல்லியது, ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலும் நெளியாது. உடைந்தவற்றைக் கழித்துவிடுவார்கள். கேட்டு வாங்கி வந்ததாகச் சொன்னார்.

“இவ்வளவு நாளும் கண்ணுக்கு முன்னால கிடந்தது. நான் கொழும்பெல்லாம் ஓடித் திரிஞ்சன்,” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

விறாந்தையில் பலகையைப் போட்டு, கிட்டாரை மேலே படுக்க வைத்து, நான் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு கீறினேன். அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு விரல் இடம் விட்டு அண்ணா இன்னொரு கோடு கீறினார். இடுப்பு வளைவுக்குப் பலகையை வளைக்க அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. ஊறவைத்தார், சுடுதண்ணீர் ஊற்றினார், மாமரத்தோடு சேர்த்துக் கட்டினார். கடைசியில் வளைவை விட்டுவிட்டு, நேரான பலகைகளைக் கோணமாகப் பொருத்தினார். அதனால் அது கிட்டாரின் வடிவத்தில் வந்ததுபோலவும் இருந்தது, வராததுபோலவும் இருந்தது. மூலைகளுக்குத் தேயிலைப் பெட்டியின் தகரப் பட்டியையே அடித்தார். உள்ளே பஞ்சு வைத்து அம்மா பழைய கம்பளித் துணியால் மெத்தை தைத்தார். கழுத்துப் பகுதிக்குத் தனியாக ஒரு சின்னத் தலையணை. ஒட்டிய கட்டையின் மேல் மூடி முட்டக்கூடாது என்று நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன்.

கைபிடியை அண்ணா நீளத்தை அளந்து சரியாக நடுவில் பூட்டினார். தூக்கிப் பார்த்தேன். பாரமெல்லாம் ஒரு பக்கம் இருந்ததால் பெட்டி மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி, அடிப்பக்கம் நிலத்தில் இழுபட்டது. கட்டியிருக்கும் நாய் நடக்கமாட்டேன் என்று நிலத்தில் குந்துவதுபோல. கைபிடியைக் கழற்றி, கிட்டாரை உள்ளே வைத்துவிட்டே எங்கே பிடித்தால் மட்டமாக நிற்கிறது என்று பார்த்துப் பூட்ட வேண்டியிருந்தது.

மழைக்கும் அலைக்கும் வெளியே கித்தான் துணி ஒட்டி வர்ணம் பூச வேண்டும். சல்லிக் கிராமத்தில் மீன்பிடி வள்ளம் வைத்திருந்த அண்ணாவின் சிநேகிதர் ஒருவர், தன் வள்ளத்துக்குப் பூசிய மிச்சம் என்று ஒரு தகரப் பேணி வர்ணம் கொடுத்துவிட்டார். கண்ணைக் கூசும் நீலம். வேறு நிறம் கிடைக்குமா என்று கேட்டேன். “கடல்ல நிக்கிற நிறம் இதுதான். உனக்கு வடிவு வேணுமோ, வர்ணம் நிக்க வேணுமோ?” என்றார் அண்ணா. அது நிற்கும் வர்ணம்தான். மூன்று கை பூசினார். பொருத்துகளில் விரலால் அழுத்தி அழுத்திப் பூசினார். மூடியின் விளிம்பைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப்பை ஒட்டி, இறுக்கி மூட இரண்டு கொளுக்கிகளும் வைத்தார்.

காய்ந்ததும் பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்தோம். கிட்டார் உள்ளே இருக்கட்டும் என்று அண்ணா பிடிவாதமாகச் சொன்னார். வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு, கதிரையில் இருப்பதுபோல் நிதானமாக அதன் மேல் இருந்தார். ஒரு கிறீச் சத்தம்கூட இல்லை.

“நல்லாயிருக்கு. தேத்தண்ணி ஒண்டு கொண்டு வா பிள்ளை, இதிலயே இருந்து குடிக்கிறன்,” என்றார்.

திங்கட்கிழமை காலை இறங்குதுறையில் அதிபர் என் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “இதென்ன டீச்சர், ஐஸ் பெட்டியோ?” என்றார். கிட்டார் என்றேன். “ஓ,” என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் குடையோடு முன்பக்கம் போய் இருந்துகொண்டார். வழியில் நினைத்ததுபோலவே ஒரு வயதான முஸ்லிம் உம்மா என் பெட்டியில் வந்து இருந்தார். நான் தடுக்கவில்லை. பெருமையோடு பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூதூர் இறங்குதுறையில் கடல் குமுறிக்கொண்டிருந்தது. லாஞ்சுக்கும் துறைக்கும் இடையில் பலகை போட்டார்கள். அதிபர்தான் முதலில் இறங்கினார். அவர் பலகையின் நடுவில் கால் வைத்த நேரம் பார்த்து லாஞ்ச் ஒரு தூக்குத் தூக்கியது. குடை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தண்ணீருக்குள் வெள்ளையாக ஏதோ போவது தெரிந்தது.

“சேருக்கு நீந்தத் தெரியாது!” என்று யாரோ கத்தினார்கள்.

அடுத்ததாக இறங்க நின்றவள் நான். லாஞ்சில் வேலை செய்பவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். “தாங்க டீச்சர்!” என்று என் கையிலிருந்து அதைப் பறித்துக் கடலில் வீசினார்.

“ஐயோ, என்ர கிட்டார்!” என்று நான் அலறினேன்.

‘ஐயோ சேர்’ என்று சொல்லியிருக்க வேண்டும். லாஞ்ச் முழுவதும் கேட்டது. துறையில் நின்றவர்களுக்கும் கேட்டது. பிறகு பல வருடங்களுக்கு மூதூர்க் கடைத்தெருவில் என்னைக் கண்டால், “ஐயோ, என்ர கிட்டார்!” என்று பின்னால் யாராவது சொல்வார்கள்.

பெட்டி ஒருமுறை அமிழ்ந்து, ஒரு சின்ன நீல வள்ளம்போல் மேலே வந்து மிதந்தது. அதிபர் எழும்பி வந்து இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கழுத்துப் பக்கம் அவர் தோளில், அடிப்பக்கம் வயிற்றில். கன்னத்தைப் பெட்டியோடு ஒட்டியபடி அலையோடு ஏறி இறங்கினார். நீண்ட கம்பால் சட்டையில் கொளுவி இழுத்தார்கள். துறைக்கு ஏற்றியபோதும் அவர் பெட்டியை விடவில்லை.

எல்லோரும் அவரைச் சுற்றிக் கூடினோம். தண்ணீரைத் துப்பிவிட்டு அவர் முதலில் பேசிய வார்த்தை, “டீச்சர், திறந்து பாருங்கோ,” என்பதுதான்.

கொளுக்கிகளைக் கழற்றித் திறந்தேன். ஒரு மூலையில் மட்டும் மெத்தை ஈரமாக இருந்தது. கிட்டார் அப்படியே கிடந்தது.

“வாசியுங்கோ. உள்ளுக்குத் தண்ணி போயிருந்தால் சத்தத்தில தெரியும்,” என்றார், தலைமயிரிலிருந்து தண்ணீர் வடிய.

கருவாட்டுச் சாக்குகளுக்கு நடுவில், துறைக் கட்டின் மேல் இருந்து சுருதி கூட்டினேன். சின்ன வகுப்புக்காக வைத்திருந்த பாட்டொன்றை வாசித்தேன். கூட்டத்தில் யாரோ கைதட்டத் தொடங்க, எல்லோரும் சேர்ந்தார்கள். அதிபர் குனிந்து ஓட்டைக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கும்போது அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஈரத்தோடு பள்ளிக்கூடம் வந்தவரை என் சிநேகிதி தங்கள் வீட்டுக்கு அனுப்பி, இடுப்பில் கட்டத் தன் புருசனின் புதுச் சாரம் ஒன்றையும் சேட்டு ஒன்றையும் கொடுக்கச் சொன்னாள். பச்சையும் மஞ்சளும் கட்டம் போட்ட சாரம். அன்று காலைக் கூட்டத்தில் அதிபர் அந்தச் சாரத்தோடு, வழக்கமான அதே கண்டிப்போடு, வரிசை சரியில்லை என்று பிள்ளைகளைத் திட்டினார். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. வாத்திமார்தான் அடக்கமுடியாமல் ஒவ்வொருவராக வகுப்பறைக்குள் மறைந்தோம்.

அதற்குப் பிறகு கிட்டாரைக் கொண்டுவரலாமா என்று நான் ஒருபோதும் கேட்க வேண்டி வரவில்லை. ஆர்மோனியத்துக்கும் அப்படி ஒரு பெட்டி செய்விக்க முடியுமா என்று அதிபர் அண்ணாவிடம் ஆள் அனுப்பினார். லாஞ்ச்காரர் தங்கள் ரேடியோவுக்கு ஒன்று கேட்டார்கள். அண்ணாவுக்குப் பிடிபடாத சந்தோசம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் விறாந்தை முழுவதும் தேயிலை மணத்தது.

சில வருடங்கள் கழித்து என் சிநேகிதியின் தங்கைக்குப் புல்மோட்டையில் கலியாணம். கிட்டாரோடு வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பஸ்ஸில் போனோம். பாதி வழியில் ஆறு. பஸ்ஸை ஏற்றும் மிதவை அக்கரையில் நின்றது. ஆட்கள் எல்லோரும் இறங்கி மர நிழலில் காத்திருந்தோம். வெயில், பசி, பிள்ளைகளின் சிணுங்கல். என் சிநேகிதி எழும்பிப் பெட்டியைத் திறந்து, கிட்டாரை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“சும்மாதானே இருக்கீங்க டீச்சர்,” என்றாள்.

வாசித்தேன். பிள்ளைகள் அடங்கினார்கள். பஸ் கொண்டக்டர் டிக்கட் புத்தகத்தில் தாளம் போட்டார். மிதவை வந்து பஸ்ஸும் நாங்களும் அதில் ஏறியதும், மிதவையைக் கயிற்றால் இழுப்பவர்கள், “நிப்பாட்டாதீங்க, நிப்பாட்டாதீங்க,” என்றார்கள். ஆற்றின் நடுவில் பாட்டின் தாளத்துக்கு ஏற்பக் கயிற்றை இழுத்தார்கள். நான் வேகமாக வாசித்தால் வேகமாகப் போனது, மெதுவாக வாசித்தால் மெதுவாகப் போனது. அக்கரை தட்டியபோது பாட்டு முடியவில்லை. சாரதி கோர்ன் அடித்துக் கூப்பிட்டார். மிச்சத்தைப் பஸ்ஸுக்குள் இருந்து வாசித்தேன்.